பழைய லேப்டாப்பில் சத்தம் வரவில்லை: சவுண்ட் டிரைவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் உழைத்த லேப்டாப்களைத் துடைத்து, புதிதாக விண்டோஸோ லினக்ஸோ போட்டு, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலையை நெடுநாளாகச் செய்துவருகிறேன். திரை வந்துவிடும், வைஃபையும் வந்துவிடும். சத்தம் மட்டும் அடம்பிடிக்கும். அப்படிப்பட்ட நேரங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் மூன்று கேள்விகளைத் தாண்டிக்கொண்டு நேராக டிரைவர் (ஒலிச் சில்லை இயக்க விண்டோஸுக்குச் சொல்லித்தரும் சிறு மென்பொருள்) பகுதிக்குப் போய்விட வேண்டாம். டிரைவர் கோளாறு என்று என்னிடம் வந்த பல லேப்டாப்களில் டிரைவர் நன்றாகவே இருந்தது.

நேற்று வரை நன்றாகப் பாடிய லேப்டாப் இன்று ஊமையாகிவிட்டது. டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நேற்று வேலை செய்த டிரைவர் ஒரே இரவில் கெட்டுப்போவது அரிது. அதைவிடச் சாதாரணமான காரணங்கள் சில உண்டு.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, சத்தம் எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பாருங்கள். ஒருமுறை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை மாட்டினாலோ, புளூடூத் ஹெட்போனை இணைத்தாலோ, விண்டோஸ் அதையே வழக்கமான சாதனமாக வைத்துக்கொள்வதுண்டு. டிவியைக் கழற்றிய பிறகும் சத்தம் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும். சவுண்ட் அமைப்பில் பிளேபேக் பட்டியலைத் திறந்து, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, அதையே டிஃபால்ட் ஆக்குங்கள்.

அடுத்து, விசைப்பலகைக்கு மேலே தனியாக ஒரு மியூட் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்களில் அது தொட்டால் வேலை செய்கிற வகையாக இருக்கும். துடைக்கும்போது கை பட்டாலே அணைந்துவிடும். முன்விளிம்பில் சிறிய சக்கரம் போன்ற வால்யூம் திருகு வைத்த மாடல்களும் உண்டு. அதைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு விண்டோஸில் எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை.

மூன்றாவது, ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று என்று பலர் சொல்வார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி, டிரைவர்களின் நிலையும் சேர்ந்து, வட்டில் எழுதப்பட்டு மறுமுறை அப்படியே திரும்ப வரும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இவற்றில் எதற்கும் மசியவில்லை என்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பழைய லேப்டாப்களில் பேட்டரி வெளியிலேயே கழற்றும்படி இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, ஒலி சில்லு முழுதாக அணைந்து எழும். மந்திரம் போலத் தெரிந்தாலும், தூக்க நிலையிலிருந்து எழுந்தபோது சிக்கிக்கொண்ட சில்லுகளை இது பலமுறை மீட்டிருக்கிறது.

பழுது டிரைவரிலா, இயந்திரத்திலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிரைவராகத் தேடி இறக்கி இரண்டு மூன்று நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

வட்டில் எதையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் போதும். 1 ஜிபி, 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் உள்ளே போய், ஒரு பாட்டை ஓட்டுங்கள். முதலில் ஸ்பீக்கரில், அப்புறம் ஹெட்போனில்.

லினக்ஸில் இரண்டிலும் சத்தம் வந்தால் சில்லு, ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி), ஸ்பீக்கர், ஜாக் (ஹெட்போன் செருகும் ஓட்டை) எல்லாம் உயிரோடு இருக்கின்றன. குறை விண்டோஸ் பக்கம், நீங்கள் டிரைவர் வேலையை நம்பிக்கையோடு தொடங்கலாம். ஹெட்போனில் மட்டும் வந்தால் ஸ்பீக்கர், அதன் வயர் அல்லது ஜாக்கில் சந்தேகம். லினக்ஸின் ஒலி அமைப்பிலும் எந்தச் சாதனமும் தென்படவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பு) ஒலி அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது சில்லே போயிருக்கலாம். பயாஸில் போய் ஆன்போர்டு ஆடியோ என்கிற வரி எனேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் மாறிப்போன லேப்டாப்களில் இதைக் கவனிப்பது அவசியம்.

சாதனம் தென்படுகிறது, ஆனால் இரண்டிலும் மௌனம் என்றால் அவசரமாகத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். லினக்ஸிலும் மியூட் உண்டு. அதைக் கீழே லினக்ஸ் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் வரவில்லை. இது டிரைவரா?

பெரும்பாலும் ஜாக். ஹெட்போன் ஓட்டைக்குள் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. பின்னைச் செருகினால் அது விலகும். அந்த அசைவை வைத்துத்தான் ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை அணைக்கலாம் என்று சில்லு முடிவு செய்கிறது. வருடக்கணக்கில் செருகி எடுத்ததில் அந்த நாக்கு விலகிய நிலையிலேயே நின்றுவிடும். பிறகு காலியான ஓட்டையைப் பார்த்துக்கொண்டே லேப்டாப் ஹெட்போன் மாட்டியிருப்பதாக நம்பும்.

சென்ற முறை என் கைக்கு வந்த ஒரு லேப்டாப்பில் முந்தைய சொந்தக்காரர் மூன்று வெவ்வேறு டிரைவர்களை நிறுவி அழித்திருந்தார். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பஞ்சு, பையில் சேரும் நூல் தூசி, அடியில் நன்றாக அமுங்கிக் கட்டியாக இருந்தது. லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பல்குத்தும் மரக்குச்சியின் முனையால் ஓரமாகச் சுரண்டி இழுத்ததில் அரை அரிசி அளவுக்கு ஓர் உருண்டை வந்தது. பிறகு ஹெட்போன் பின்னை இருபது முறை செருகிச் செருகி எடுத்தேன். அடுத்த முறை விண்டோஸ் எழுந்தபோது தொடக்க ஒலி ஸ்பீக்கரில் கேட்டது. உலோக ஊசி மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் நாக்கை வளைத்துவிடும்.

ஓட்டைக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் வருகிறதா? சில லேப்டாப்களில் அதே ஜாக்கில் ஆப்டிகல் ஒலியும் உண்டு. சிவப்பு எரிந்தால் ஜாக் டிஜிட்டல் நிலையில் சிக்கியிருக்கிறது. அதற்கும் பின்னைச் செருகி எடுப்பதுதான் முதல் வைத்தியம்.

ஜாக் சரி என்றால் ஸ்பீக்கரையே சோதிக்கலாம். லேப்டாப்பைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது. ஸ்பீக்கர் வயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை இரண்டு முனைகளிலும் கணநேரம் தொட்டு எடுங்கள். 'டக்' என்று மெல்லக் கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் 4 அல்லது 8 ஓம் பக்கம் காட்ட வேண்டும். வயரைக் கழற்றாமல் பேட்டரியைத் தொடாதீர்கள், ஆம்ப் போய்விடும்.

சவுண்ட் கார்டு என்கிறார்கள், ஆனால் லேப்டாப்பைத் திறந்தால் கார்டு எதுவும் காணோமே?

பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று இருப்பது இரண்டு பகுதிகள். மதர்போர்டின் முக்கியச் சில்லுக்குள் ஒரு கன்ட்ரோலர். அதோடு இணைந்த, நகம் அளவே உள்ள கோடெக் என்னும் தனிச் சில்லு. எண்களை மின் அலையாகவும் மின் அலையை எண்களாகவும் மாற்றுவது கோடெக்.

இன்டெல் 1997-இல் ஏசி 97 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. 2004-இல் அதற்குப் பதிலாக ஹை டெஃபினிஷன் ஆடியோ வந்தது. உங்கள் லேப்டாப் இந்த இரண்டில் எந்தக் காலத்தது என்பது முக்கியம். ஹை டெஃபினிஷன் ஆடியோ என்றால் விஸ்டா முதல் எல்லா விண்டோஸிலும் பொதுவான டிரைவர் ஒன்று உள்ளேயே இருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டாலும் அதை வைத்து ஒப்பேற்றலாம். ஏசி 97 லேப்டாப்களுக்கு அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு எக்ஸ்பியோ லினக்ஸோதான் நிம்மதி.

என் லேப்டாப்பில் என்ன சில்லு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரே 'அன்னோன் டிவைஸ்' என்றுதான் வருகிறது.

பெயர் தெரியாவிட்டாலும் எண் பொய் சொல்லாது. விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தச் சாதனத்தின் மீது வலது சொடுக்கில் பிராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடீஸ். நீளமான வரி ஒன்று வரும். எச்டிஆடியோ என்று தொடங்கினால் நீங்கள் பார்ப்பது கோடெக். அந்த வரியில் வென் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு இலக்கம் தயாரிப்பாளர். டெவ் என்பதற்குப் பின் வரும் நான்கும் சில்லின் எண்.

10இசி என்றால் ரியல்டெக். 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட். 111டி ஐடிடி, அதற்கு முந்தைய 8384 சிக்மாடெல். 11டி4 அனலாக் டிவைசஸ், அதாவது சவுண்ட்மேக்ஸ் என்ற பெயரில் டிரைவர் வந்த குடும்பம். 1106 வியா. ரியல்டெக்கில் டெவ் எண் 0269 என்றிருந்தால் அது ஏஎல்சி 269; எண்ணும் பெயரும் இவ்வளவு நேராகப் பொருந்துவது தேடுபவர்களுக்குப் பெரிய வரம்.

ஒரு எச்சரிக்கை. எச்டிஆடியோ வரியில் 8086, 10டிஇ, 1002 என்று வந்தால் அவை முறையே இன்டெல், என்விடியா, ஏஎம்டி கிராபிக்ஸின் எச்டிஎம்ஐ ஒலி. அதற்கு டிரைவர் போட்டுவிட்டு ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். பட்டியலில் எச்டிஎம்ஐ ஒலி மட்டும் இருந்து வேறெதுவும் இல்லை என்றால், கோடெக்கை விண்டோஸ் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

சரி, சில்லு தெரிந்துவிட்டது. டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

முதல் இடம் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கம். சில்லு தயாரித்த நிறுவனத்தின் பக்கத்துக்கு இரண்டாம் இடம்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காரணம் இது. ஒரே ஏஎல்சி 269 சில்லு நூறு லேப்டாப் மாடல்களில் இருக்கலாம். ஆனால் அதன் எந்தக் கால் ஸ்பீக்கருக்குப் போகிறது, எந்தக் கால் மைக்குக்கு, வெளி ஆம்பை எது எழுப்புகிறது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். லேப்டாப் நிறுவனம் தரும் டிரைவர் பொதியில் அந்த விவரம் எழுதப்பட்டிருக்கும். ஹார்டுவேர் ஐடியில் சப்சிஸ் என்று ஒரு பகுதி வருகிறதே, அது இந்த மாடலைத்தான் குறிக்கிறது. பொதுப்படையான டிரைவரைப் போட்டால் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் ஆடும், விண்டோஸ் எல்லாம் சரி என்று சொல்லும், ஸ்பீக்கர் மட்டும் வாய் திறக்காது. ஆம்பை எழுப்ப யாரும் சொல்லவில்லை.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும் முழு மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ கொடுத்துத் தேடுங்கள். திரைக்குக் கீழே பளபளப்பாக அச்சிட்டிருக்கும் பெயர் பல மாடல்களுக்குப் பொதுவானது, அது போதாது.

அங்கே கிடைக்கவில்லை என்றால் பழைய வட்டிலேயே இருக்கிறதா பாருங்கள். ஹெச்பி லேப்டாப்களில் சி டிரைவில் எஸ்டபிள்யூசெட்அப் என்ற ஃபோல்டரில் ஆலையில் போட்ட டிரைவர்கள் அப்படியே கிடக்கும். புதிதாக விண்டோஸ் போடுவதற்கு முன் அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் வட்டை ஃபார்மேட் செய்வது பெரிய இழப்பு. மூன்றாவது வழி மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக். ஹார்டுவேர் ஐடியை அதில் ஒட்டித் தேடினால் பல வருடத்துப் பழைய டிரைவர்கள் வரிசையாக வரும். கேப் என்று முடியும் கோப்பாகக் கிடைக்கும். அதை விரித்து, டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கும் மென்பொருள் போடலாமா?

வேண்டாம். பழைய லேப்டாப்புக்குத் தேவை பொருத்தமான டிரைவர். புதியது பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்று இல்லை. இவை எண்ணைப் பார்த்து ஏதோ ஒன்றைத் திணிப்பதோடு, கூடவே வேண்டாத மென்பொருளையும் அழைத்து வருவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

மஞ்சள் முக்கோணமும் ஏதோ ஒரு கோட் எண்ணும் காட்டுகிறது. அது என்ன சொல்கிறது?

கோட் 28: டிரைவர் நிறுவப்படவில்லை. இருப்பதிலேயே நல்ல செய்தி இதுதான், நிறுவினால் முடிந்தது. கோட் 22: யாரோ சாதனத்தை அணைத்து வைத்திருக்கிறார்கள், எனேபிள் கொடுங்கள். கோட் 39: டிரைவர் கோப்பு சேதம் அல்லது காணவில்லை, அழித்துவிட்டுத் திரும்ப நிறுவ வேண்டும். கோட் 52: டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை; 64 பிட் விண்டோஸில் கையொப்பம் இல்லாத டிரைவர் ஓடாது, வேறு பதிப்பைத் தேடுங்கள். கையொப்பச் சோதனையையே அணைத்து வைக்கும் வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாதுகாப்பே போய்விடும்.

கோட் 10 கொஞ்சம் சிக்கலானது. சாதனம் தொடங்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். அப்போது சிஸ்டம் டிவைசஸ் பட்டியலை விரித்து ஹை டெஃபினிஷன் ஆடியோ கன்ட்ரோலர் என்ற வரியைப் பாருங்கள். அதன் மேலேயே முக்கோணம் இருந்தால் கோடெக் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் நகராது. சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சில்லு) டிரைவரை முதலில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம்தான் ஒலி டிரைவருக்கு வர வேண்டும்.

முக்கோணமே இல்லாமல் ஆடியோ சர்வீஸ் ஓடவில்லை என்று விண்டோஸ் சொன்னால் அது டிரைவர் கதை இல்லை. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் ஆடியோ, விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர் இரண்டும் ஆட்டோமேட்டிக் ஆக இருக்கின்றனவா, ஓடுகின்றனவா என்று பார்த்துத் தொடக்கிவிடுங்கள்.

நிறுவுவதற்குச் சரியான முறை என்ன?

முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட், அதாவது ஏதாவது கெட்டால் திரும்பிப்போக விண்டோஸின் இப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது. அப்புறம் இணையத்தைத் துண்டியுங்கள். இல்லையென்றால் நீங்கள் பழையதை அழித்த மறுநிமிடம் விண்டோஸ் தானாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனத்தில் அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று ஒரு பெட்டி வரும். அதில் டிக் போடுங்கள். அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் சரி கொடுத்தால் சாதனம் மட்டும் பட்டியலிலிருந்து மறையும். கெட்டுப்போன டிரைவர் விண்டோஸின் சேமிப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் அதுவே திரும்பவும் ஏறிக்கொள்ளும். பத்து முறை நிறுவியும் அதே கோளாறு என்று சொல்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இந்த டிக்கைப் பற்றித்தான். சில வேளை முதல் டிரைவர் போனதும் அதற்கு முந்தைய பழைய டிரைவர் தலைகாட்டும். அதையும் அதே போல நீக்குங்கள், பொதுவான ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்ற பெயர் வரும்வரை.

அந்த நிலையிலேயே ஒருமுறை பாட்டு போட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால், உங்களுக்கு ஒலிச் சமன்படுத்தி போன்ற கூடுதல் வசதிகள் தேவையில்லை என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் கொடுத்த பல லேப்டாப்கள் இன்றும் அந்தப் பொது டிரைவரில்தான் ஓடுகின்றன. வரவில்லை என்றால் நிறுவனத்தின் பொதியை ஓட்டி, முடிந்ததும் ரீஸ்டார்ட்.

என் மாடலுக்கு விண்டோஸ் 7 டிரைவரோடு நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 10-இல் அது ஓடுமா?

பல நேரம் ஓடும். விஸ்டாவில்தான் விண்டோஸின் ஒலி அமைப்பு அடியோடு மாறியது. அதற்குப் பிறகு வந்தவை அதே அடித்தளத்தின் மேல் நிற்பவை. ஆகவே விஸ்டா டிரைவர் 7-இலும், 7-இன் டிரைவர் 10-இலும் ஏறுவது சகஜம். எக்ஸ்பி டிரைவரை 7-இல் ஏற்றும் முயற்சியில் மட்டும் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

32 பிட் விண்டோஸுக்கு 32 பிட் டிரைவர், 64-க்கு 64. இதில் சமரசமே இல்லை. செட்அப் கோப்பு 'இந்த இயங்குதளத்துக்கு ஏற்றதல்ல' என்று மறுத்தால், அதன் மேல் வலது சொடுக்கில் பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, விண்டோஸ் 7 என்று வைத்து ஓட்டுங்கள். அதற்கும் மறுத்தால் செட்அப்பையே ஒதுக்கிவிடலாம். 7-ஜிப் கொண்டு கோப்பை விரித்தால் உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், என் கணினியில் தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன், ஹேவ் டிஸ்க் என்று போய் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். மறுப்பது பெரும்பாலும் செட்அப் மென்பொருள்தான், டிரைவர் இல்லை.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. ஒலிக்காக மட்டும் 7-க்குத் திரும்புவதாக இருந்தால் அந்த லேப்டாப்பில் வங்கி வேலை வேண்டாம்.

கஷ்டப்பட்டுச் சரிசெய்தேன், அப்டேட் வந்து திரும்பக் கெடுத்துவிட்டது. என்ன செய்வது?

டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் கொடுத்துப் பழையதுக்குத் திரும்புங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலின் சிஸ்டம் பகுதியில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸைத் திறந்து 'வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்பி வைத்திருக்கிறேன். ரியல்டெக் டிரைவர் நிறுவ மறுக்கிறது.

எக்ஸ்பி வெளிவந்தது 2001-இல். ஹை டெஃபினிஷன் ஆடியோ என்ற ஒன்று அப்போது இல்லை. அதனால் அந்த ஒலிப் பாதையை எக்ஸ்பிக்கு அறிமுகப்படுத்த யுஏஏ பஸ் டிரைவர் என்ற மைக்ரோசாஃப்ட் திருத்தம் வேண்டும். அதன் எண் கேபி 888111. பல ரியல்டெக் பொதிகளில் அது உள்ளேயே இருக்கும். சிஸ்டம் டிவைசஸில் அந்த யுஏஏ வரி தென்பட்ட பிறகுதான் கோடெக் டிரைவர் ஏறும். வரிசை மாறினால் 'டிரைவர் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரவென்று வெட்டி வெட்டி வருகிறது.

என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே சுவாரசியமான கோளாறு இது, ஏனென்றால் குற்றவாளி பெரும்பாலும் வேறு இடத்தில் இருப்பான். ஒலிக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒரு நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் தவறாமல் சில்லுக்குப் போய்ச்சேர வேண்டும். வேறு ஏதோ ஒரு டிரைவர் பிராசஸரைச் சில மில்லிநொடிகள் பிடித்து வைத்துக்கொண்டாலும் அந்த இடைவெளி காதில் 'கிரக்' என்று விழும். படம் சற்றுத் தாமதித்தால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது.

பாட்டை ஓடவிட்டு வைஃபையை அணையுங்கள். கரகரப்பு நின்றால் புதுப்பிக்க வேண்டியது வைஃபை டிரைவர். நிற்கவில்லையா, டிவைஸ் மேனேஜரில் பேட்டரிப் பகுதியில் இருக்கும் ஏசிபிஐ பேட்டரி வரியைத் தற்காலிகமாக டிஸேபிள் செய்து கேளுங்கள். தேய்ந்துபோன பேட்டரியை விண்டோஸ் ஒவ்வொரு முறை விசாரிக்கும்போதும் இயந்திரம் ஒரு கணம் திணறுவதுண்டு. சீரான இடைவெளியில், பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை வெட்டினால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்து வைத்தது என்று பெயரோடு காட்டும்.

எக்ஸ்பியில் இன்னொரு காரணம் உண்டு. வட்டிலிருந்து படிப்பதில் ஆறு பிழை சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி அந்த வட்டை டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற மிக மெதுவான முறைக்கு இறக்கிவிடும். அப்புறம் பாட்டு மட்டுமல்ல, மவுஸ் கூடத் திக்கும். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் டிஎம்ஏ திரும்பும். மறுபடியும் இறங்கினால் வட்டு சாகத் தொடங்கியிருக்கிறது; ஒலியை விட்டுவிட்டு முதலில் உங்கள் கோப்புகளை நகலெடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் 16 பிட், 48,000 என்று வைத்துப் பாருங்கள்.

மைக் மட்டும் வேலை செய்யவில்லை.

விண்டோஸ் 10 என்றால் பிரைவசி அமைப்பில் மைக் அனுமதியைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் வெளி மைக் வரவில்லை என்றால் பின்னைக் கையில் எடுத்துக் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் என்றால் அது ஃபோன் ஹெட்செட். பழைய லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஓட்டைகள். இரண்டு வளையப் பின்களுக்கு ஆனவை. ஃபோன் ஹெட்செட்டைச் செருகினால் பாட்டு கேட்கும், குரல் போகாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறிய அடாப்டர் கேபிள் போதும்.

லினக்ஸ் போட்டுவிட்டேன். அதிலும் மௌனம்.

லினக்ஸில் டிரைவர் கெர்னல் என்னும் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது, தேடிப்போக வேண்டியதில்லை. டெர்மினலில் அல்சாமிக்சர் என்ற ஒலி அளவுக் கருவியைத் திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் எம்எம் என்றிருந்தால் மியூட். எம் விசையை அழுத்தினால் பூஜ்யங்களாக மாறும். மாஸ்டரை மட்டும் ஏற்றிவிட்டு ஸ்பீக்கர் தூணை மறந்துவிடுபவர்கள் அதிகம். ஆட்டோ மியூட் என்று ஒரு வரி இருந்தால் அதை டிஸேபிள் செய்து பாருங்கள். கெட்டுப்போன ஜாக் உள்ள லேப்டாப்களில் ஸ்பீக்கர் உடனே உயிர் பெறும். மேலே சொன்ன உலோக நாக்கின் பேச்சை லினக்ஸ் கேட்காமல் இருக்க இது வழி.

பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் 'டப்' என்று அடித்தால் அது மின்சேமிப்பு வேலை. சும்மா இருக்கும் சில்லு தூங்கி எழும் ஒலி. எச்டிஏ இன்டெல் மாட்யூலின் பவர் சேவ் மதிப்பைப் பூஜ்யமாக்கினால் நிற்கும். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்து, அதிலிருந்து நேராக ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வரும்போது மட்டும் சத்தம் இல்லையென்றால், முழுதாக அணைத்து, சில நொடி விட்டுப் போடுங்கள். விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே கோடெக் இருந்திருக்கும்.

எல்லாம் செய்தாயிற்று. சில்லே போய்விட்டது போலிருக்கிறது. இனி?

யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிச் செருகுங்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஒரு ஹெட்போன் ஓட்டை, ஒரு மைக் ஓட்டை. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 வகை என்றால் எக்ஸ்பியிலிருந்து லினக்ஸ் வரை டிரைவர் இல்லாமலே ஓடும். கிளாஸ் 2 வகையை வாங்காதீர்கள். விண்டோஸ் தானாக அதை ஏற்கத் தொடங்கியது 2017-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான். வேலை செய்ய ஆரம்பித்ததும் பயாஸில் பழைய ஒலியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அவ்வப்போது செத்த சில்லுக்கே தாவும்.

சரியாகிவிட்டது. டிரைவர் கோப்பை வைத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களின் டிரைவர்களை நிறுவனங்கள் அறிவிப்பில்லாமல் எடுத்துவிடுகின்றன. இன்று கிடைப்பது அடுத்த வருடம் இருக்கும் என்று நம்ப முடியாது. நான் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அதில் டிரைவர் கோப்பு, ஹார்டுவேர் ஐடி வரி, எந்த விண்டோஸ், எத்தனை பிட், எந்த வரிசையில் நிறுவினேன் என்று நான்கு வரிக் குறிப்பு. லேப்டாப்பை ஒப்படைக்கும்போது அதே ஃபோல்டரை வட்டிலும் ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.